உழைப்பாளி மக்களின் நாடகாசிரியர் பிரெக்ட்



ஜெர்மனியில் பிறந்து, கவியாகவும் நாடகாசிரியராகவும் உலகப் புகழ் பெற்ற பெர்டோல்ட் பிரெக்டைப் பற்றி இன்று பேசுகிறோம். ஆலையில் எட்டு மணி நேரம் நின்றவனுக்கும், வயலில் குனிந்து நாற்று நட்டவளுக்கும் எங்கோ பிறந்த ஒரு கவியால் என்ன பயன் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். பிரெக்ட் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுவே.

அவர் 1898-ம் ஆண்டு பிப்ரவரி 10-ம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. தகப்பனார் ஒரு காகித ஆலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, டைரக்டர் பதவி வரை உயர்ந்தவர். மகன் ம்யூனிச் சர்வகலாசாலையில் வைத்தியம் படிக்கப் போனார். முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். 1918-ல் சொந்த ஊரிலேயே ராணுவ ஆஸ்பத்திரியில் சிப்பந்தி வேலை பார்த்தார். அந்த ஆண்டில் ஒரு பாட்டு எழுதினார். செத்துப் புதைந்த சிப்பாயைத் தோண்டி எடுக்கிறார்கள். யுத்தத்துக்குத் தகுதியானவன் என்று டாக்டர் சான்று கொடுக்கிறார். பிணத்தை மீண்டும் போர்முனைக்கு நடத்திச் செல்கிறார்கள். நாஜிகள் பிரெக்டை ஜன்ம விரோதியாக நினைத்ததற்கு இந்தப் பாட்டும் ஒரு காரணம்.

கோதுமை விலை கற்பித்த பாடம்

1926-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரக் கோதுமைச் சந்தையைப் பற்றி ஒரு நாடகம் எழுத முற்பட்டார். விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்தார். எவராலும் விளங்கும்படி சொல்ல முடியவில்லை. உலகத்துக்குச் சோறு போடும் தானியம், சிலருடைய சூதாட்டத்தில் சிக்கிக் கிடப்பதை அவர் கண்டார். நாடகம் பாதியில் நின்றது. மார்க்ஸின் 'மூலதனம்' கைக்கு வந்தது. பசியைக் கண்டு இரங்கும் கவிகள் எத்தனையோ பேர் உண்டு. பசிக்குக் காரணம் என்னவென்று தேடிப் படித்தவர் பிரெக்ட்.

1928 ஆகஸ்ட் 31-ம் தேதி பெர்லினில் 'மூன்று காசு இசை நாடகம்' அரங்கேறியது. இசை அமைத்தவர் கூர்ட் வைல். கொள்ளைக்காரனுக்கும் கனவானுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும் நாடகம் அது. கேலி செய்யப்பட்ட கனவான்களே வந்து கைதட்டினார்கள். பணம் குவிந்தது. அந்த வெற்றியோடு அவர் நின்றுவிடவில்லை.

அடுத்த ஆண்டு மே தினத்தன்று, தடையை மீறி ஊர்வலம் வந்த பெர்லின் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதை ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து கண்ணால் கண்டார். அந்த நாட்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1932-ல் கார்க்கியின் 'தாய்' நாவலை நாடகமாக்கினார். அவருடைய மனைவி ஹெலன் வைகல் தாயாக நடித்தார். தொழிலாளர்கள் வாழும் மோவாபிட் பகுதியில் நாடகம் போடப் போனபோது, தீ அபாயம் என்று சாக்குச் சொல்லிப் போலீஸ் குறுக்கிட்டது. காட்சி ஜோடனை கூடாது என்றது. பிறகு நடிக்கவே கூடாது என்றது. நடிகர்கள் வசனத்தை வாசித்தே முடித்தார்கள்!

நாடு கடந்து நாடு

1933 பிப்ரவரி 27-ம் தேதி ஜெர்மன் பார்லிமென்ட் கட்டிடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே பிரெக்ட் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. மே மாதம் அவருடைய நூல்களை நாஜிகள் கொளுத்தினர். 1935-ல் பிரஜா உரிமையைப் பறித்தனர். டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து என்று நாடு நாடாக ஓடினார். 1941-ல் சோவியத் நாட்டின் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவருடைய சிறந்த நாடகங்கள் பல இப்படி ஓடிய காலத்தில் எழுதியவையே.

'தாய் கரேஜ்' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். முப்பதாண்டு யுத்த காலம். ஒருத்தி வண்டி இழுத்துப் பட்டாளத்தாருக்குச் சரக்கு விற்கிறாள். யுத்தம் நடந்தால்தான் அவளுக்குப் பிழைப்பு. அந்த யுத்தமே அவளுடைய மூன்று பிள்ளைகளையும் விழுங்குகிறது. ஒரு மகனை மீட்பதற்கு அவள் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவனைச் சுட்டுவிடுகிறார்கள். ஊமை மகளோ, உறங்கும் நகரத்தை எழுப்பக் கூரை மேல் ஏறி முரசு அடித்துக் குண்டடி பட்டுச் சாகிறாள். தாய் மறுபடியும் வண்டியை இழுத்துக்கொண்டு பட்டாளத்தின் பின்னால் போகிறாள்.

1941-ல் சூரிச் நகரில் இதைப் பார்த்தவர்கள், பாவம் தாய் என்று உருகினார்கள். பிரெக்டுக்கு இது திருப்தி தரவில்லை. அவள் செய்யும் வியாபாரத்தின் குற்றமும் தெரியும்படி சில காட்சிகளைத் திருத்தினார். ஏன் இப்படி? அழுதவன் மனப் பாரம் இறங்கி வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவான். இது இப்படித்தான் நடக்க வேண்டுமா என்று யோசித்தவன் தூங்க மாட்டான். பிரெக்ட் நாடக முறையின் சாரம் இதுதான் என்று கருதுகிறோம்.

'கலிலியோ' நாடகமும் அப்படியே. 1938-ல் எழுதியபோது, பணிவதுபோல் பணிந்து உண்மையைக் காப்பாற்றிய சாமர்த்தியசாலியாகக் கலிலியோவைக் காட்டினார். 1945-ல் ஹிரோஷிமா மீது அணுகுண்டு விழுந்தது. அதிகாரத்துக்கு அஞ்சி அறிவை ஒப்படைத்தவன் என்று கலிலியோ தன்னைத் தானே கண்டிக்கும்படி நாடகத்தை மாற்றினார்.

நிலத்தை நம்பி வாழும் தோழர்கள் அறிய வேண்டியது 'காக்கேசிய வெண்கட்டி வட்டம்'. ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கொண்டாடும் கதை. பைபிளில் சாலமோன் ராஜாவின் தீர்ப்பில் விட்டுக்கொடுப்பவள் பெற்ற தாய். பிரெக்ட் அதைத் தலைகீழாக்கினார். பெற்றவள் கவர்னரின் மனைவி. கலகத்தில் பட்டாடைகளைத் தேடியவள் பிள்ளையை விட்டு ஓடிவிட்டாள். எடுத்து வளர்த்தவள் வேலைக்காரி. குழந்தையின் கை பிய்ந்துவிடும் என்று இழுக்க மனம் வராமல் விட்டவளும் அவளே. குழந்தை அவளுக்கே என்று தீர்ப்பாகிறது. நாடகத்தின் முகப்பில் ஒரு பள்ளத்தாக்கு யாருக்கு என்ற வழக்கு வருகிறது. பரம்பரையாக ஆடு மேய்த்தவர்களை விட, நீர் பாய்ச்சித் தோட்டம் போடத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கே அது சேர்கிறது. பட்டா யார் பேரில் என்று பார்க்காமல், பாடுபடுவது யார் என்று பார்த்துச் சொல்லும் தீர்ப்பு!

1947 அக்டோபர் 30-ம் தேதி அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் கமிட்டி அவரைக் கூண்டில் ஏற்றியது. பிரெக்ட் கட்சி உறுப்பினராக இருந்தவரல்ல. அதைச் சொல்லிவிட்டு, மறுநாளே விமானம் ஏறினார்.

தன் பக்கத்தாரிடமும் கேள்வி

பின்னர் கிழக்கு பெர்லினில் குடியேறினார். 1949-ல் வைகலும் அவரும் 'பெர்லினர் ஆன்சாம்பிள்' நாடகக் குழுவை அமைத்தனர். 1953 ஜூனில் அங்கே கட்டிடத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். கூலி கூட்டாமல் வேலை அளவை உயர்த்தியதே தகராறு. வேலைப்பளு என்றால் என்னவென்று ஆலைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிளர்ச்சி பரவியது, டாங்கிகள் வந்தன. பிரெக்ட் தலைமைக்கு எழுதிய கடிதத்தில் ஆதரவும் தெரிவித்தார். மக்களோடு விவாதிக்க வேண்டும் என்றும் எழுதினார். ஆதரவு வாக்கியத்தை மட்டும் பத்திரிகை அச்சிட்டது. மக்கள்மீது குறைகூறிய அதிகாரிகளைக் குத்திக்காட்டி அவர் எழுதிய கவிதை, அவர் இறந்த பின்பே வெளிவந்தது. இதை மறைத்துப் பேசினால் பிரெக்டைப் பற்றிப் பேசியதாகாது. எதிரியை நோக்கி மட்டும் கேள்வி கேட்பது சுலபம். தன் பக்கத்தாரையும் கேட்டவர் அவர். கேட்டுவிட்டு எதிரியின் கூடாரத்துக்கு ஓடாதவரும் அவரே. உரக்கக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்வோரும் உண்டு. அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

1956 ஆகஸ்ட் 14-ம் தேதி, 58-வது வயதில் பிரெக்ட் காலமானார்.

டென்மார்க்கில் அகதியாக இருந்தபோது, 1935-ல், சரித்திரப் புத்தகம் படிக்கும் ஒரு தொழிலாளியைப் பற்றி அவர் கவிதை எழுதினார். ராஜாக்களின் பெயர்கள் நிறைந்த புத்தகத்தில் கல் சுமந்தவர்களின் பெயர் எங்கே என்று தேடுகிறான் அவன். தோழர்களே, படிக்கத் தெரிந்தவர் படியுங்கள். தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நாடகம் பார்த்தாலும், பேப்பர் படித்தாலும், எங்கள் பேச்சையே கேட்டாலும், இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேளுங்கள். எட்டு மணி நேரம் உழைத்தவனுக்கு அந்தக் கவி விட்டுப்போன பயன் இந்தப் பழக்கமே.