தொலைவிலிருந்து சொல்லும் தீர்ப்பு



1938-ஆம் ஆண்டு நவம்பர் 9, 10 ஆகிய நாட்களில் ஜெர்மனியெங்கும் யூதரின் ஜெபாலயங்கள் தீக்கிரையாயின. ஏறத்தாழ 30,000 யூதர் சிறைப்பிடிக்கப்பட்டனர். அம்மாதம் 26-ஆம் தேதி, ‘ஹரிஜன்’ இதழில் காந்தியடிகளின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. யூதர்பால் தமக்கிருந்த பரிவை அவர் அதில் தெளிவாகவே கூறினார். ஆயினும், இங்கிலாந்து ஆங்கிலேயருக்கு உரியதுபோலப் பாலஸ்தீனம் அரபு மக்களுக்கு உரியது என்றும், ஜெர்மானிய யூதர் கொடுமையைச் சத்தியாக்கிரகத்தால் எதிர்க்கவேண்டும் என்றும் எழுதினார்.

1939 பிப்ரவரியில் ஜெருசலேமிலிருந்து இருவர் அவருக்குக் கடிதம் எழுதினர். ஒருவர் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர். மற்றவர் ஹீப்ரு பல்கலைக்கழகத் தலைவர் யூதா மாக்னஸ். இருவரும் காந்தியடிகளைப் போற்றியவர்கள். அரபு மக்களோடு இணங்கி வாழவேண்டும் என்று தம்மவரிடமே வாதாடி வந்தவர்கள். தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலையும் ஹிட்லர் ஆட்சியில் யூதரின் நிலையும் ஒன்றாகா என்றார் பூபர். காண்பார் எவருமின்றி முகாமுக்குள் மடிபவனின் தியாகம் யாருடைய நெஞ்சைத் தொடும் என்பது அவர் வாதத்தின் உட்பொருள். அதே கடிதத்தில் அரபு மக்களின் உரிமையையும் அவர் மறுக்கவில்லை. தம் துன்பத்தைக் காணுமாறு வேண்டியவர், பிறர் உரிமைக்குக் கண்மூடிக்கொள்ளவில்லை. நாம் கருதவேண்டியது இதுவே.

1948-இல் இஸ்ரேல் பிறந்தது. அப்போரினால் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். 2023 அக்டோபர் 7-ஆம் நாள் ஹமாஸ் இயக்கத்தார் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். ஏறத்தாழ 250 பேர் பிணையாகக் கொண்டு செல்லப்பட்டனர். அடுத்து மூண்ட போரில் காஸாவில் பல்லாயிரவர் உயிரிழந்தனர்.

உலகம் எழுப்பிய குரலைக் கேட்ட யூதர் ஒரே விதமாக எண்ணவில்லை. தம் இறந்தோருக்காக உலகம் கண்ணீர் சிந்தவில்லை என்று வருந்தினர் ஒரு சாரார். ‘எங்கள் பெயரால் வேண்டாம்’ என்று நியூயார்க் ரயில் நிலையத்தில் அமர்ந்து மறியல் செய்தனர் மற்றொரு சாரார். கண்டனம் எங்கே முடிகிறது, இனவெறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. 2016-இல் பன்னாட்டு அமைப்பு ஒன்று ஏற்ற வரையறை, நேர்மையான கண்டனத்தையும் அடக்கப் பயன்படக்கூடும் என அஞ்சிய அறிஞர்கள், யூதர் பலர் உட்பட, 2021-இல் ‘ஜெருசலேம் பிரகடனம்’ என்னும் வேறொரு வரையறையை வெளியிட்டனர்.

மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. யூதர் என்பது ஒரு மக்களின் பெயர். சியோனியம் ஓர் அரசியல் கொள்கை. இஸ்ரேல் ஓர் அரசு. பாலஸ்தீனர் என்பதும் மக்களின் பெயரே. ஹமாஸ் ஓர் இயக்கம். ஒரு சொல்லின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் மொழிபெயர்ப்பில் நேர்வது பிழை. வாழ்க்கையில் நேர்வது அநீதி. ஓர் அரசின் செயலுக்காக எங்கோ ஒரு நகரில் ஜெபாலயத்துக்குச் செல்லும் முதியவர் பழிசுமக்கிறார். ஓர் இயக்கத்தின் செயலுக்காகக் காஸாவின் குழந்தை உயிரைப் பறிகொடுக்கிறது.

காந்தியடிகள் அக்கடிதங்களுக்கு எழுதிய மறுமொழி எதுவும் கிடைத்ததில்லை. ஆயினும் அவை நமக்கும் எழுதப்பட்டவையே. தொலைவிலிருப்போர் தீர்ப்புச் சொல்லலாகாது என்று அவை கூறவில்லை. தீர்ப்புக்கு முன் இரு தரப்புத் துயரையும் செவிகொடுத்துக் கேட்கவேண்டும் என்றே கேட்கின்றன. அவ்வாறு கேட்பது நம்மால் இயலாத செயல் அன்று.