டிராகன் பறக்குமா?

(நூற்றாண்டு விழா உரைத் தொடரில், விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச டிராகன்தானா கிடைத்தது என்று சிலர் எம்மைக் கேட்டார்கள். எமது பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்துகொண்டு ஒரே மாதிரியான படங்களைப் பார்க்கிறார்கள், "அம்மம்மா, இது உண்மையாய்ப் பறக்குமோ?" என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அது கதை" என்று வாயை அடைப்பது சுலபம். ஏன் பறக்காது என்று சொல்வதற்குத்தான் நாங்கள் படித்த விஞ்ஞானம் வேண்டும்.

முதலில் உயிரியல். வேல்ஸ் நாட்டுக் கொடியில் உள்ள சிவப்பு டிராகனுக்கு நான்கு கால்கள், இரண்டு சிறகுகள். மொத்தம் ஆறு அவயவங்கள். எங்கள் கோயில்களின் கருட வாகனத்துக்கும் கை இரண்டு, கால் இரண்டு, சிறகு இரண்டு. ஆனால் தரையில் வாழத் தொடங்கிய முள்ளந்தண்டு விலங்குகளின் பரம்பரையில் கடந்த 35 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நான்கு அவயவங்களே அடிப்படை அமைப்பு. பறவையும் வௌவாலும் கைகளைத்தான் சிறகாக்கின. புதிதாக ஒரு சோடி முளைக்கவில்லை. ஆகவே சிறகு வேண்டுமென்றால் முன்னங்கால்களை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு கால், இரண்டு சிறகு கொண்ட டிராகனை வரைபவர்கள் உயிரியலுக்குச் சற்று நெருங்கி வருகிறார்கள்.

அடுத்தது பௌதிகவியல். 1638இல் வெளியான தமது நூலில் கலிலியோ விளக்கிய ஓர் உண்மை இங்கே கைகொடுக்கிறது. உருவம் மாறாமல் ஒரு பொருளின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், பரப்பளவு 4 மடங்காகும். கனவளவும் அதனோடு திணிவும் 8 மடங்காகும். பறவையைத் தாங்குவது சிறகின் பரப்பளவு. கீழே இழுப்பது அதன் நிறை. பெருக்கப் பெருக்க நிறையே வெல்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். சுமார் 10 கிலோகிராம் திணிவும் 2.2 மீற்றர் சிறகு விரிப்பும் உள்ள ஓர் அன்னத்தை எல்லா வழியிலும் 5 மடங்காக்குகிறோம். விரிப்பு 11 மீற்றர். சிறகின் பரப்பளவு 25 மடங்கு. திணிவோ 125 மடங்கு, அதாவது 1250 கிலோகிராம். ஒவ்வொரு சதுர மீற்றர் சிறகும் முன்னையைவிட 5 மடங்கு சுமக்க வேண்டும். விழாமல் இருக்கவே 2.2 மடங்கு வேகம் தேவை. உடல் பெருக்கச் சிறகடிப்பும் மெதுவாகிறது. ஆகவே தசை தரும் வலு தேவைக்கு ஈடுகொடுக்காது. இன்று பறக்கும் மிகப் பாரமான பறவைகளில் ஒன்றான ஆபிரிக்கக் கானமயில் ஏறக்குறைய 18 கிலோகிராமோடு நின்றுவிடுவது இதனால்தான்.

படங்களில் வரும் டிராகன் யானை அளவானது. 5000 கிலோகிராம் என்று வையுங்கள். சதுர மீற்றருக்கு 25 கிலோகிராம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 200 சதுர மீற்றர் சிறகு வேண்டும். எமது வலைப்பந்தாட்டத் திடலில் பாதியை மனதில் கொள்ளுங்கள். அந்தச் சிறகையும் அதை அடிக்கும் தசையையும் சேர்த்தால் திணிவு கூடும். திணிவு கூடச் சிறகும் பெருக்க வேண்டும். இந்தக் கணக்கு முடிவதே இல்லை.

வயிற்றில் ஐதரசன் நிறைந்திருந்தால் மிதக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கன மீற்றர் ஐதரசன் வளியில் தூக்குவது ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல்தான். 5000 கிலோகிராமுக்கு 4000 கன மீற்றருக்கு மேல் வேண்டும். 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம், 5 மீற்றர் உயரமான மண்டபம் ஒன்றே 4000 கன மீற்றர்தான். அது விலங்கல்ல, ஆகாயக் கப்பல்.

ஆக, கதையில் வரும் டிராகன் பறக்காது. ஆனால் விடயம் இத்துடன் முடியவில்லை.

1971இல் டக்ளஸ் லோசன் என்ற மாணவர் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பெரிய சிறகெலும்பின் உயிர்ச்சுவட்டைக் கண்டெடுத்தார். டைனோசர்களின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த பறக்கும் ஊர்வன ஒன்றின் எலும்பு அது. 1975இல் அதற்குக் குவெற்சல்கோட்லஸ் என்று பெயரிட்டார். அஸ்ரெக் மக்கள் வணங்கிய இறகுள்ள நாகத்தின் பெயர் அது. அதன் சிறகு விரிப்பு 10 முதல் 11 மீற்றர். எமது கற்பனை அன்னத்தின் அளவுதான். ஆனால் திணிவு 200 முதல் 250 கிலோகிராம் வரை என்பதே இன்று பலர் ஏற்கும் மதிப்பீடு. எலும்புகள் உள்ளே வளி நிறைந்தவை, சுவர் மெல்லியவை. சிறகைத் தாங்கியது நீண்டு வளர்ந்த ஒற்றை விரல். நிலத்தில் அது நான்கு காலில் நடந்தது. பறவை போலப் பின்னங்கால்களால் மட்டும் எழாமல், வலிமையான முன்னங்கைகளை ஊன்றி உந்தி எழுந்திருக்கும் என்று மைக்கல் ஹபீப் 2008இல் விளக்கினார். இரத்தம் குடிக்கும் வௌவால் இன்றும் அப்படித்தான் எழுகிறது. திணிவு 500 கிலோகிராமைத் தாண்டும், ஆகவே அது பறந்திராது என்று கணித்த அறிஞரும் உண்டு. வாதம் நடப்பது எண்களை வைத்து.

இடத்தை மாற்றினாலும் விடை மாறும். சனிக் கோளின் துணைக்கோளான டைட்டானில் ஈர்ப்பு பூமியினதில் ஏழில் ஒன்று. வளியின் அடர்த்தியோ சுமார் நான்கு மடங்கு. குளிரையும் ஒட்சிசன் இல்லாத குறையையும் சமாளித்தால், கையில் சிறகு கட்டிய மனிதரே அங்கு பறக்கலாம்.

மாணவச் செல்வங்களே, நாங்கள் சொல்ல வந்தது இதுதான். விஞ்ஞானம் "முடியாது" என்று சொல்லும்போது அதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: இந்தத் திணிவில், இந்தச் சிறகில், இந்த வளியில் முடியாது. எங்களில் பலருக்குப் பௌதிகவியல் படிக்க ஆசை வந்தபோது, "பெண்பிள்ளைக்கு அது சரிவராது" என்று சொந்தக்காரர் சொன்னார்கள். அந்த "முடியாது"வில் அளவும் இல்லை, கணக்கும் இல்லை. அதைக் கேட்டு நின்றவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அந்தக் கவலை இன்னும் உண்டு. இனி யாராவது உங்களிடம் "முடியாது" என்றால், மரியாதையோடு கணக்கைக் கேளுங்கள். கணக்குச் சரியென்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். கணக்கே இல்லையென்றால் உங்கள் வழியில் போங்கள்.

கேள்வி கேட்கக் கற்றுத்தந்த எம் கல்லூரித் தாய் இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க.