மூளை அலைகளை எவ்வளவு நம்பலாம்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின் வரிசையில் உட்கார்ந்து "சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் இந்நாள் மாணவச் செல்வங்கள்.

நானும் அதே பின் வரிசையில் இருந்து வந்தவன்தான். மின்னணுவியல் துறை. இறுதி ஆண்டில் எங்கள் ப்ராஜெக்ட், கையின் தசை அசையும்போது எழும் மின்சாரத்தை அளக்கும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர். மூன்று மாதம் உழைத்தோம். செய்து காட்ட வேண்டிய அன்று சி.ஆர்.ஓ. திரையில் அலை பிரமாதமாக வந்தது. நாங்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தோம். நடுவில் நண்பன் கையில் ஒட்டியிருந்த எலக்ட்ரோடு கழன்று கீழே விழுந்துவிட்டது. அலை மட்டும் நிற்கவே இல்லை! ஆய்வகப் பேராசிரியர் கோபப்படவில்லை. "தம்பி, நீ இவ்வளவு நேரம் இவன் கையை அளக்கல. மேல இருக்கிற டியூப் லைட்டை அளந்திருக்கே" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு.

அன்று அது வேடிக்கை. பல வருஷம் கழித்து அதே தவறு வேறு உருவத்தில் என் வீட்டுக்குள்ளேயே வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

ஐந்து வருஷம் தயங்கிய மனிதர்

நான் மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். அதிலும் இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவு. மூளையில் மின்சாரம் ஓடுகிறது என்பதை முயல், குரங்கு இவற்றின் மூளைகளில் அளந்து 1875இல் அறிவித்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேட்டன். மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜெனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர். இளமையில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து சாவிலிருந்து தப்பினார். அன்றே தொலைவில் இருந்த அவருடைய சகோதரிக்கு மனம் கலங்க, வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்குச் செய்தி எப்படிப் போகிறது என்று தேடப் புறப்பட்டவர் அவர். தேடியது கிடைக்கவில்லை. கிடைத்தது இ.இ.ஜி.

நாம் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. அவர் முதல் பதிவை எடுத்தது 1924இல். வெளியிட்டது 1929இல்! இடையில் ஐந்து வருஷம். இது மூளைதானா, அல்லது தோல், தசை, இரத்த ஓட்டம் இவற்றின் வேலையா என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். வெளியிட்ட பிறகும் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜின் ஏட்ரியனும் மேத்யூஸும் அதே அலையைக் காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. எங்கள் ப்ராஜெக்டுக்கு நாங்கள் ஐந்து நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஏன் இவ்வளவு சந்தேகம்? தலையின் மேல் கிடைக்கும் அலையின் உயரம் சுமார் 50 மைக்ரோவோல்ட். ஒரு பென் டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டை முப்பதாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. கண்ணைச் சிமிட்டினால் வரும் மின்சாரம் இதைவிடப் பெரியது. பல்லைக் கடித்தால் தசை மின்சாரம் எல்லாவற்றையும் மூடிவிடும். போதாததற்கு நம் ஊர் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ். 1970களில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் அப்டன் என்ற நரம்பியல் மருத்துவர், சாப்பிடுகிற ஜெல்லியில் எலக்ட்ரோடுகளை வைத்துப் பதிவு செய்து காட்டினார். சுற்றியிருந்த கருவிகளின் மின்சாரமெல்லாம் சேர்ந்து, ஜெல்லிக்கும் மூளை அலை இருப்பதுபோல் கோடு வந்தது. அவருக்கு ஜெல்லி, எங்களுக்கு டியூப் லைட். அவர் வேண்டுமென்றே செய்தார் என்பதுதான் வித்தியாசம்.

இ.இ.ஜி. எதற்கு நல்லது?

இதைக் கேட்டுவிட்டு "இ.இ.ஜி. வெறும் ஏமாற்று" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அது அருமையான கருவி. படித்துக்கொண்டிருக்கும் குழந்தை சில விநாடி வெறித்துப் பார்க்கும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். அந்த வகை வலிப்பில் விநாடிக்கு மூன்று முறை வரும் கூரிய அலையை 1935லேயே பாஸ்டன் மருத்துவர்கள் கண்டு சொல்லிவிட்டார்கள். நினைவிழந்து கிடக்கும் நோயாளிக்கு உடம்பில் துடிப்பே தெரியாமல் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இ.இ.ஜி.யை விட்டால் வேறு வழி இல்லை. தட்டம்மை வந்து பல வருஷம் கழித்துச் சில குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய நோய்க்கும், தூக்கக் கோளாறுகளுக்கும் இது கைகொடுக்கிறது.

ஆனால் இங்கேயும் எல்லை உண்டு. வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலேயே முதல் பதிவில் அடையாளம் தெரிவது ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான். ஆகவே "நார்மல்" என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. மறுபக்கம், இயல்பான சில கூரிய அலைகளை வலிப்பு என்று தவறாகப் படித்து, தேவையில்லாத மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கியவர்களும் உண்டு. நல்ல மருத்துவர் முதலில் நோயாளியிடம் கதை கேட்பார். பிறகுதான் கோட்டைப் பார்ப்பார். கேள்வி தெளிவாக இருந்தால் இ.இ.ஜி. தெளிவாகப் பதில் சொல்லும். "என் மூளை நல்லா இருக்கா?" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் அது திணறும்.

அப்பாவின் மதிப்பெண்

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம் அந்தப் பொதுவான கேள்விக்குத்தான் கருவி செய்தது. ஐந்து நிமிஷப் பதிவு. அதிலுள்ள அலைகளை விநாடிக்கு எத்தனை என்று வகை பிரித்து, ஒரு ஒப்பீட்டுத் தொகுப்போடு பொருத்தி, நூற்றுக்கு இத்தனை என்று "மூளை நல மதிப்பெண்" கொடுக்கும். கூடவே வண்ணப் படம். நல்ல இடம் பச்சை, கெட்ட இடம் சிவப்பு. அந்தக் கணக்கை எழுதியவன் நான். எங்கள் தொகுப்பில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்பதும் எனக்குத் தெரியும். "பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன்.

என் அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு முறை ஊரிலிருந்து இரவுப் பேருந்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சளிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தார். காலையில் எங்கள் குடியிருப்பில் இலவச மூளை நல முகாம். மகன் எழுதிய மென்பொருள் என்ற பெருமையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். மாலை நான் வீடு திரும்பியபோது கையில் தாளை வைத்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் 54. முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. "மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், மருத்துவரை அணுகவும்" என்று அடியில் ஒரு வரி.

மறுநாளிலிருந்து அப்பா பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகவில்லை. கேட்டால், "நடுவழியில எனக்கு வழி மறந்துட்டா புள்ளை என்ன பண்ணும்?" என்றார். நாற்பது வருஷம் ஊர் முகவரி எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர். வங்கிப் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "மெஷின் தப்பா இருக்கலாம்ப்பா" என்று நான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "நீ எழுதினதுதானேப்பா, எப்படித் தப்பா இருக்கும்?" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே மிகவும் வலித்தது அதுதான்.

அன்றிரவு அலுவலகத்துக்குப் போய் மூலப் பதிவை எடுத்து, ஒரு நரம்பியல் மருத்துவ அம்மாவிடம் காட்டினேன். அவர் வண்ணப் படத்தைத் தொடவே இல்லை. கோடுகளை இரண்டு நிமிஷம் புரட்டினார். "சார், உங்கப்பா தூங்கிட்டு இருக்கார்" என்றார். உண்மைதான். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது கண்விழி மெல்ல உருளும். அது முன்பக்க எலக்ட்ரோடுகளில் மெதுவான பெரிய அலையாக விழும். பின்பக்கத்தில் விநாடிக்கு 8 முதல் 13 வரை வரும் ஆல்ஃபா அலை உடைந்து, 4 முதல் 8 வரையிலான தீட்டா அலை எழும். மறதி நோயிலும் அலைகள் மெதுவாகும் என்பது உண்மை. ஆனால் இரவுப் பேருந்தாலும் சளி மாத்திரையாலும்கூட மெதுவாகும். என் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். அது "நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்கவே இல்லை. நான் கேட்க வைக்கவில்லை.

நன்றாகத் தூங்கிய பிறகு இன்னொரு நாள் மறுபதிவு எடுத்தார்கள். ஆல்ஃபா அலை அழகாக இருந்தது. அதைவிட முக்கியமாக, அந்த மருத்துவர் அரை மணி நேரம் அப்பாவோடு பேசி, ஞாபக சக்தியையும் கணக்கையும் சோதித்து, வயதுக்குரிய அளவில்தான் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகும் அப்பா பேத்தியின் கையைப் பிடித்துத் தெருவில் இறங்க ஒரு மாதம் ஆயிற்று.

கணக்கு எங்கே சறுக்குகிறது?

மாணவர்களே, இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. முதலாவது, நிலைத்தன்மை வேறு, பொருத்தம் வேறு. ஒரே ஆளுக்கு, விழித்திருக்கும்போது, கண் மூடிய நிலையில் இ.இ.ஜி. எடுத்து, சில வாரம் கழித்து மறுபடி எடுத்தால் அலைகளின் அளவு பெரும்பாலும் ஒத்துப்போகும். விற்பனையாளர்கள் இதைக் காட்டித்தான் "நம்பகமானது" என்பார்கள். கைரேகையும்தான் மாறுவதில்லை. அதை வைத்து ஈரல் நலமாக இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது, எண்ணிக்கை. 19 எலக்ட்ரோடு, 5 அலைவகை என்றால் 95 எண்கள். நூற்றில் ஐந்து பேருக்கு வரும் அளவைத் தாண்டினால் "அசாதாரணம்" என்று வைத்தால், முழு ஆரோக்கியமானவருக்கும் சராசரியாக ஐந்து இடத்தில் சிவப்பு விழும். எலக்ட்ரோடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒப்பிட்டால் 171 ஜோடி. ஐந்து வகைக்கு 855 எண்கள். சும்மாவே நாற்பதுக்கு மேல் சிவப்பு!

மூன்றாவது, முகாம் கணக்கு. 1000 பேர் வருகிறார்கள், 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். கருவி 90 விழுக்காடு சரி என்றே வைப்போம். நோயுள்ள 10 பேரில் 9 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் பிடிக்கும். ஆகச் சிவப்புத் தாளோடு வீட்டுக்குப் போகிற 108 பேரில் உண்மையில் நோயாளிகள் 9 பேர்தான். மற்ற 99 பேரும் என் அப்பா மாதிரி.

இது புதிய ஞானமும் அல்ல. கணினியால் அலகிடும் இ.இ.ஜி. பற்றி அமெரிக்க நரம்பியல் கழகம் 1997லேயே எச்சரித்தது: பயிற்சி பெற்றவர் கையில், மூலப் பதிவோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்று. 2013இல் அங்கே, குழந்தைகளின் கவனக்குறைவுக் கோளாற்றைக் கண்டறிய உதவியாக, தீட்டா–பீட்டா விகிதம் பார்க்கும் ஒரு கருவிக்கு அரசு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள், ஆரம்பத்தில் பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் வருஷம் போகப் போகச் சுருங்கி வருவதைக் கண்டார்கள். 2016இல் அதே கழகம், வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்குப் பதிலாக இதை வைக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது.

நம் பங்கு

நான் நிறுவனத்தில் மூன்று மாற்றம் கேட்டேன். பதிவுக்கு முன் தூக்கமும் மருந்தும் விசாரிக்க வேண்டும். தூக்க அலை தெரிந்தால் "இந்தப் பதிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது" என்று கருவி சொல்ல வேண்டும். அந்த ஒற்றை மதிப்பெண்ணை எடுத்துவிட வேண்டும். முதல் இரண்டும் வந்தன. மூன்றாவது வரவில்லை, மதிப்பெண்தானே விற்கிறது! ஆறு மாதத்தில் நானும் வெளியே வந்துவிட்டேன். இன்று ஒரு சிறிய குழுவில், வலிப்பு நோயாளிகளின் பதிவுகளைத் தெளிவாகக் காட்டும் வேலை. முடிவு சொல்லும் வேலை மருத்துவருடையது.

அப்பாவின் கதை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அன்று அந்த முகாமில் வரிசையில் நின்ற மற்றவர்கள் வீட்டில், கணக்கு எழுதினவன் யாரும் இல்லை. அவர்களில் எத்தனை பேர் வங்கிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தார்களோ, தெரியாது. அதை நினைக்காத நாள் இல்லை.

இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் நாளைக்கு ஏதாவது ஒரு அலையை, ஒரு எண்ணை, ஒரு வண்ணப் படத்தை யாரோ ஒருவர் கையில் கொடுக்கப் போகிறீர்கள். இயந்திரக் கற்றல் என்று இன்று பெரிய பெயர்கள் வந்திருக்கின்றன. கணக்கு பெரிதானால் இந்தக் கேள்விகள் மறைந்துவிடுவதில்லை. எலக்ட்ரோடு ஒட்டியிருக்கிறதா? யாரோடு யாரை ஒப்பிடுகிறோம்? தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நம் கருவிக்கு வாய் இருக்கிறதா?

எங்கள் ஆய்வகப் பேராசிரியர் இதோ முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். சார், அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குப் புரிய பத்து வருஷம் ஆயிற்று. மன்னிக்க வேண்டும். இனிமேல் அளக்கும்போதெல்லாம் முதலில் டியூப் லைட்டை அணைத்துப் பார்க்கிறேன்.