காயத்தை மறைக்காதீர்: வேலையிடத்து விபத்தும் தொழிலாளியின் உரிமையும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொழுது புலருமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் உங்களுக்கு இவ்வேலையின் அபாயங்களை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பால் வெட்டும் கத்தி வழுக்கிக் கையைக் கிழிக்கிறது. மழையில் நனைந்த மேட்டுச் சரிவில் பால் வாளியோடு கால் சறுக்குகிறது. பட்டுப்போன கிளை முறிந்து தலைமேல் விழுகிறது. புல்லுக்குள் கிடக்கும் பாம்பு தீண்டுகிறது. பாலை உறையவைக்கும் அமிலம் கண்ணில் தெறிக்கிறது. ஆலையிலே ரோலர் இயந்திரம் விரல்களைப் பற்றி இழுக்கிறது. இவையெல்லாம் நீங்கள் கண்டவை. சிலர் பட்டு அனுபவித்தவை. விபத்து நேர்ந்தபின் உங்களுக்குள்ள உரிமைகள் யாவை, அவ்வுரிமைகளை இழந்துவிடாமல் காத்துக்கொள்வது எவ்வாறு என்பவற்றை மட்டுமே இன்று விளக்க விரும்புகிறேன்.

இது எவருடைய தயவுமன்று

முற்காலத்தில், வேலையில் காயமுற்ற தொழிலாளிக்குத் துணையாக இருந்தது 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். அச்சட்டத்தின்படி நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் முதலாளியே. ஆகவே, காயம்பட்ட ஏழைத் தொழிலாளி ஒருபுறமும், அவருக்கு வேலை கொடுத்தவர் மறுபுறமுமாக நிற்கும் நிலை ஏற்பட்டது. நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் மொத்தமாக ஒரு தொகை கிடைத்தது. அத்தொகை செலவழிந்த பின்னர் குடும்பத்தின் கதி என்ன என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றவே 1969ஆம் ஆண்டில் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதனைச் செயற்படுத்த, சொக்சோ என்று நாம் அழைக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1971ஆம் ஆண்டில் தோன்றியது. முதலாளிகள் மாதந்தோறும் செலுத்தும் சந்தா ஒரு பொது நிதியில் சேர்கிறது. காயமுற்றவருக்கு அந்நிதியிலிருந்தே பணம் வழங்கப்படுகிறது. தோட்ட நிர்வாகி மனமிரங்கினாலும் இரங்காவிட்டாலும் உங்களுக்குரியது உங்களுக்கு வந்து சேர வேண்டும்.

2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அறுபது வயதுக்குட்பட்ட ஊழியருக்காக முதலாளி செலுத்த வேண்டியது சம்பளத்தில் 1.75 விழுக்காடு, ஊழியரிடம் பிடிக்கப்படுவது 0.5 விழுக்காடு. உங்களிடம் பிடிக்கப்படும் அச்சிறு தொகையும் நோயால் உழைக்க இயலாமற்போகும் நிலைக்கான மற்றொரு திட்டத்துக்கே செல்கிறது. வேலைக் காயத் திட்டத்துக்குரிய 1.25 விழுக்காட்டை முதலாளியே முழுவதும் செலுத்துகிறார். முதலாளி தமது பங்கை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சட்டவிரோதமாகும்.

யார் யாருக்கு இவ்வுரிமை?

வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே இப்பாதுகாப்புத் தொடங்குகிறது. நிரந்தரத் தொழிலாளி, தற்காலிகத் தொழிலாளி என்ற பேதமில்லை. தோட்டத்தில் இன்று குத்தகைக்காரர்களின் கீழ் வேலை செய்வோர் பலர். ‘நான் தோட்டத்து ஆள் அல்லேன், எனக்கு சொக்சோ கிடையாது’ என்று அவர்களிற் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. குத்தகைக்காரரின் ஆட்களுக்கும் சட்டம் பொருந்தும்; அவர்களுக்காகச் சந்தா செலுத்தப்படுவதில் தோட்ட முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் வேலைக் காயத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டுள்ளனர். உங்கள் பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதனை எடுத்துச் சொல்லுங்கள்.

முதலாளி பதிவு செய்யத் தவறியிருந்தால் என்ன செய்வது? அது அவர் செய்த குற்றம், உங்கள் குற்றமன்று. அவருக்குப் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. நீங்கள் தயங்காமல் சொக்சோ அலுவலகத்துக்குச் சென்று முறையிட வேண்டும்.

எவை வேலை விபத்துகள்?

வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக நேரும் விபத்தே வேலை விபத்து. வேலை நேரத்தில் விபத்து நேர்ந்தால், மாறான சான்று இல்லாதவரை அது வேலையின் காரணமாகவே நேர்ந்ததெனச் சட்டம் கருதுகிறது. நிரையிலே தீண்டிய பாம்பு வேறெங்கோ தீண்டியது என்று ஒருவர் சொல்வாராயின், அதற்குச் சான்று வேண்டும்.

வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும், இடைவேளையில் உணவுக்காகச் சென்றுவரும்போதும் நேரும் விபத்துகளும் இதில் அடங்கும். இடையில் சொந்த அலுவலுக்காக வழி மாறிச் சென்றிருந்தால் உரிமை பாதிக்கப்படலாம். இதனை நினைவிற் கொள்க. முதலாளி ஏற்பாடு செய்த லோரியில் செல்லும்போது நேரும் விபத்தும், தோட்டத்துப் புகையறையில் தீப்பற்றியபோது அதனை அணைக்க முயன்று அடையும் காயமும் வேலை விபத்துகளே. வேலையின் தன்மையால் மெல்ல மெல்ல உண்டாகும் நோய்களுக்கும் பாதுகாப்பு உண்டு. களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்கள், தோலில் நீங்காத புண்ணோ மூச்சுத் தொல்லையோ ஏற்பட்டால், தாம் செய்யும் வேலை இன்னதென்று மருத்துவரிடம் தவறாமற் கூற வேண்டும்.

கிடைப்பது என்ன?

முதலாவது, மருத்துவச் சிகிச்சை. அரசாங்க மருத்துவமனையிலும் சொக்சோவின் அங்கீகாரம் பெற்ற கிளினிக்குகளிலும், காயம் ஆறும்வரை இலவசமாகச் சிகிச்சை பெறலாம்.

இரண்டாவது, தற்காலிக இயலாமை உதவித்தொகை. விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாட்களுக்கு வேலை செய்ய முடியாதென மருத்துவர் சான்றளித்தால் இது கிடைக்கும். சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு வழங்கப்படும். ஒரு கணக்கைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இச்சம்பளம் பெறுபவருக்குச் சட்ட அட்டவணை 1,650 வெள்ளியைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதனை 30ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 55 வெள்ளி. அதில் 80 விழுக்காடு 44 வெள்ளி. ஒரு மாதம் படுக்கையிற் கிடந்தாலும் வீட்டுக்கு 1,320 வெள்ளி வரும். இவ்வுதவித்தொகை பெறும் காலத்தில் முதலாளி உங்களை வேலையினின்று நீக்கக் கூடாது. அதே காலத்தில் நீங்களும் கூலிக்கு வேலை செய்யக் கூடாது. விடுப்பு நான்கு நாட்களுக்குக் குறைவாயின், வேலைச் சட்டப்படி முதலாளியிடமிருந்து சம்பளத்துடன் மருத்துவ விடுப்புப் பெறலாம்.

மூன்றாவது, நிரந்தர இயலாமை உதவித்தொகை. விரலோ கண்ணோ காலோ இழந்தவருக்கு இயலாமையின் அளவை மருத்துவ வாரியம் விழுக்காட்டில் நிர்ணயிக்கும். நாட்சம்பளத்தில் 90 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்டு தொகை கணக்கிடப்படும். இயலாமை 20 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். மேற்பட்டால் ஆயுள் முழுதும் மாதந்தோறும் பணம் வரும். பிறர் துணையின்றி வாழ இயலாத அளவுக்கு முற்றாக முடங்கியவருக்கு, பணிவிடைக்கென மாதம் 500 வெள்ளி தனியே வழங்கப்படுகிறது.

நான்காவது, சார்ந்திருப்போர் உதவித்தொகை. தொழிலாளி விபத்தில் இறக்க நேர்ந்தால் குடும்பம் தெருவில் நிற்க வேண்டியதில்லை. மேற்சொன்ன கணக்கின்படி நாளொன்றுக்கு 49 வெள்ளி 50 சென். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு அல்லது கணவருக்கு. ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. முப்பது நாளுக்குக் கணக்கிட்டால் மனைவிக்கு 891 வெள்ளி. பிள்ளைகளுக்கு 594 வெள்ளி. பிள்ளைகளுக்கு 21 வயதாகும்வரை அல்லது திருமணமாகும்வரை பணம் கிடைக்கும். உயர்கல்விக்கூடத்தில் பயில்வோருக்கு முதற்பட்டம் பெறும்வரை தொடரும். தந்தையை இழந்த தோட்டத்துப் பிள்ளை பட்டதாரியாவதற்கும் இச்சட்டம் வழி வகுத்திருக்கிறது.

இவ்வுதவித்தொகைகளை எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. கடன்காரர் பறிமுதல் செய்யவும் முடியாது. ஆகவே சொக்சோ பணத்தை ஈடாகக் காட்டிக் கடன் வாங்காதீர்கள்.

காயத்தை மறைப்பதால் வரும் கேடு

சட்டத்தில் இத்தனை இருந்தும், பலன் பெறாமற்போகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் என்ன? காயத்தை மறைப்பதே முதற்காரணம். ‘சின்னக் காயந்தானே, மஞ்சள் வைத்துக் கட்டினால் போதும்’ என்று தொழிலாளி நினைக்கிறார். ‘இரண்டு நாட்கூலியை இழப்பானேன்?’ என்று மறுநாளும் நிரைக்குப் போகிறார். ‘இதை மேலே சொல்ல வேண்டாம், மருந்துச் செலவுக்கு இந்த ஐம்பது வெள்ளியை வைத்துக்கொள்’ என்று மண்டோரோ குத்தகைக்காரரோ சொன்னால், அதையும் உதவியென்று பெற்றுக்கொள்கிறார்.

பத்து நாள் கழித்து அக்கை வீங்கிச் சீழ் பிடிக்கிறது. மருத்துவமனையில் விரலை எடுத்துவிட நேர்கிறது. இப்போது நஷ்டஈடு கேட்கச் சென்றால் முதற்கேள்வி இதுதான்: ‘காயம் எப்போது, எங்கே பட்டது? அன்று யாரிடம் சொன்னீர்?’ நிர்வாகத்தின் குறிப்பில் விபத்து இல்லை. செக்ரோலில் மறுநாளும் அவர் வேலை செய்ததாக இருக்கிறது. உண்மை அவர் பக்கம் இருந்தும், அதற்குச் சான்று இல்லை. ஐம்பது வெள்ளிக்காக ஆயுட்கால உரிமையை அவர் விற்றுவிட்டார் என்றே சொல்ல வேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பர் பெரியோர். அழ வேண்டிய நாளில் அழாமலிருந்தால் பின்னர்ப் பயனில்லை.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை

ஒன்று: காயம் சிறிதாயினும் அன்றே, கூடுமாயின் அக்கணமே, மண்டோரிடமோ அலுவலகக் கிராணியிடமோ அறிவியுங்கள். உடனிருந்து கண்டவர்களின் பெயரையும் சொல்லுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்.

இரண்டு: தோட்டத்து டிரெசர் கட்டுப் போட்டதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வேலையில் பட்ட காயம் என்பதையும், நேர்ந்த விதத்தையும் தெளிவாகக் கூறுங்கள். முதல் நாள் மருத்துவர் எழுதுவதே பின்னர் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

மூன்று: மருத்துவ விடுப்புச் சான்று, சம்பளச் சீட்டு, அடையாள அட்டையின் நகல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். சாலை விபத்தாயின் போலீசில் புகார் செய்து அதன் நகலையும், வீட்டிலிருந்து வேலையிடத்துக்குச் செல்லும் வழியைக் காட்டும் வரைபடத்தையும் சேர்த்து வையுங்கள்.

நான்கு: புரியாத தாளில் கையொப்பம் இடாதீர்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையிடமோ, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவரிடமோ காட்டி அறிந்த பின்னரே கையெழுத்திடுங்கள். நிர்வாகம் காலந்தாழ்த்தினால் நேரே சொக்சோ அலுவலகத்துக்குச் செல்லுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. ‘பணம் வாங்கித் தருகிறேன், பங்கு கொடு’ என்று வரும் தரகர்களை வாசலிலேயே திருப்பியனுப்புங்கள்.

ஐந்து: மருத்துவ வாரியத்தின் முடிவு உங்களுக்கு நிறைவளிக்காவிட்டால், முடிவு அறிவிக்கப்பட்ட 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்திடம் முறையிடலாம். இந்தத் தவணையைத் தவறவிடாதீர்கள்.

காயமுற்ற தோழர்கள் மற்றொன்றையும் அறிய வேண்டும். பணம் கொடுப்பதோடு சொக்சோவின் பணி முடிந்துவிடுவதில்லை. காயமுற்றோரை மீண்டும் வேலைக்கு ஆயத்தப்படுத்தும் திட்டம் 2007ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. 2014ஆம் ஆண்டில் மலாக்காவில் துன் அப்துல் ரசாக் பெயரால் ஒரு மறுவாழ்வு மையமும் திறக்கப்பட்டது. உடற்பயிற்சிச் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் அங்கே அளிக்கப்படுகின்றன. செயற்கைக் கால், கை முதலியனவும் சொக்சோவின் வழியே பெறத்தக்கவை. காலிழந்தவர் லயத்துத் திண்ணையில் வாழ்நாள் முழுதும் உட்கார்ந்திருக்க வேண்டுமென்ற விதி இல்லை.

தோழர்களே, நஷ்டஈடு எவ்வளவு கிடைத்தாலும் இழந்த விரலுக்கு அது ஈடாகாது. முதலில் விபத்தைத் தவிர்ப்பதே நலம். காலணி அணியுங்கள்; அமிலத்தைக் கையாளுகையில் கண்ணாடி அணியுங்கள்; மருந்தடிக்கையில் கையுறையும் முகக்கவசமும் கேட்டுப் பெறுங்கள். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி உங்கள் பாதுகாப்புக்குரிய ஏற்பாடுகளைச் செய்வது முதலாளியின் கடமையாகும்.

அதனையும் மீறி விபத்து நேர்ந்துவிட்டால் வெட்கப்படாதீர்கள், அஞ்சாதீர்கள், மறைக்காதீர்கள். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும், இங்கு வராதிருக்கும் உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ இச்செய்தியைச் சொல்லுங்கள். நீங்கள் நினைவிழந்து மருத்துவமனையிற் கிடக்கும்போது, நிர்வாகத்திடம் அறிவித்து, தாள்களைச் சேர்த்து, சொக்சோ அலுவலகத்தின் படியேற வேண்டியவர் அவரே. அவருக்கும் தெரிந்திருந்தால்தான் இவ்வுரிமை உங்கள் குடும்பத்துக்கு உண்மையிலேயே உரியதாகும்.