பரு மருந்து பூசினால் முகம் உரிகிறதா?

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



முகப்பருவுக்கு டொக்டர்மார் ஒரு சின்ன டியூப் எழுதிக் கொடுப்பாங்க. ட்ரெட்டினொயின் அல்லது அடாபலீன் என்று பெயர் இருக்கும். விட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்து. பூசத் தொடங்கி சில நாளில முகம் சிவந்து, எரிந்து, தவிடு மாதிரி உரியும். சிலருக்கு பரு முன்னையைவிடக் கூடும். உடனே பிள்ளைகள் டியூபை வீசிப்போட்டு, டவுனில விற்கிற வெள்ளையாக்கும் கிரீமை வாங்குறாங்க. எனக்குப் பயம் அதுதான். அப்படியான கிரீம் சிலதில பாதரசமும் ஸ்டீரொயிட்டும் கலந்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

மருந்து புதுத் தோலை வேகமாக வரவைப்பதால்தான் பழையது உரிகிறது. பெரும்பாலும் 4 கிழமையில் அடங்கும். பரு குறைய 8 முதல் 12 கிழமை பொறுக்க வேணும்.

இராத்திரி முகம் கழுவி, ஈரம் காய அரை மணி நேரம் விட்டு, ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகப் பூசுங்க. பரு மேலே மட்டும் குவிக்க வேண்டாம். கண், உதடு, மூக்கோரம் படக்கூடாது. எரிச்சல் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசி, மேலே ஈரப்பதம் காக்கும் கிரீம் தடவுங்க. உடுப்புச் சவர்க்காரமும் தேசிக்காயும் முகத்துக்கு ஆகாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம் என்றால் பெரியம்மாமார் என்னை முறைப்பீங்க. ஆனாலும் பரு முகத்தில அது துவாரத்தை அடைக்கும்.

கொழுந்து மலைக்குப் போறவங்க இன்னும் கவனம். இந்த மருந்து பூசின தோல் வெயிலுக்குச் சீக்கிரம் கருகும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் ஏறக்குறைய நூற்றுக்கு 10 கூடுகிறது. மூடுபனி மறைத்தாலும் கதிர் வரும். தொப்பியோ சீலையோ முகத்துக்கு நிழல் விழப் போடுங்க. வெயில் தடுப்புக் கிரீம் கிடைத்தால் பூசுங்க.

முகம் வீங்கினாலோ, கொப்புளம் போட்டாலோ, நீர் வடிந்தாலோ மருந்தை நிறுத்தி, டியூபையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்க. அக்காவுக்குக் கொடுத்ததைத் தங்கச்சி பூசக்கூடாது. கர்ப்பிணிகளும், பிள்ளைக்குக் காத்திருப்பவர்களும் இதைப் பூசவே கூடாது. நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே நிறுத்திவிட்டு, மருத்துவமாதுவிடம் சொல்லுங்க. வெட்கப்பட வேண்டாம்.