வருகைப் பருவம்

பிள்ளைத்தமிழ் பயின்ற மாணவர்கள் அறிவார்கள்: ஐந்தாந் திங்களில் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி, பதின்மூன்றில் வருகை. லால்குடிப் பக்கத்தில் நான் பயிற்சியளிக்கும் சில குழந்தைகளுக்கு இக்கணக்குப் பொருந்துவதில்லை. அவர்கள் டவுன் நோய்க்குறியுடன் பிறந்தவர்கள். உயிரணுவில் 46 குரோமோசோம்களுக்கு மாறாக 47 இருப்பதே காரணமென்று லெஜூன் முதலிய பிரெஞ்சு அறிஞர்கள் 1959இல் வெளியிட்டனர்.

தசை தளர்ந்தும் மூட்டு நெகிழ்ந்தும் இருப்பதால், இரண்டு வயதை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான் பலர் நடக்கிறார்கள். "இது எங்கே நடக்கப்போகிறது?" என்று அண்டை அயலார் சொல்லிவிட, தாய் எந்நேரமும் இடுப்பிலேயே சுமக்கிறாள். கேடு அங்கேதான் தொடங்குகிறது. குழந்தையைக் குப்புறக் கிடத்திக் கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே மெல்ல உயர்த்துங்கள். தலை நிமிரும், கழுத்து உரம்பெறும். பிறகு நம் தச்சர் செய்யும் நடைவண்டி இருக்கவே இருக்கிறது. அருகில் ஒருவர் நின்றால் போதும்.

அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு நிமிடம், ஓடும் பட்டையின்மீது பெற்றோர் தாங்கிப் பிடிக்க அடிவைத்துப் பழகிய குழந்தைகள், வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட 101 நாள் முன்னதாக நடந்தனர். எட்டே நிமிடம்!

ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கக்கூடும். ஆதலால் முதலில் அதைச் சோதிக்கவேண்டும். சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பும் நெகிழ்ந்திருக்கும். குட்டிக்கரணம் போடவிடுவது மருத்துவர் பார்த்த பின்னரே.