எல்லாப் பருவும் முகப்பரு அல்ல

30 வயதைக் கடந்தபின் கன்னத்திலும் மூக்கிலும் புதிதாகப் பரு கிளம்பினால், அது முகப்பருதானா என்று ஒரு முறை சந்தேகிப்பது நல்லது. ரோசேசியா எனும் நாட்பட்ட தோல் அழற்சியும் அதே இடத்தில், அதே உருவில் வரும்.

வெள்ளைத் தோலில் இதை அறிவது எளிது. முகம் சிவந்திருக்கும், மெல்லிய இரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரியும். தமிழர்களின் மாநிறத்தில் அந்தச் சிவப்பு ஒளிந்துகொள்கிறது. எரிச்சல் ஒளிவதில்லை. வெயிலில் நடந்தாலோ சூடாகத் தேநீர் குடித்தாலோ முகம் காந்துகிறது என்பார்கள். நோயாளி சொல்லும் அந்த ஒரு சொல் பெரிய தடயம். முகப்பருவில் காணும் கரும்புள்ளி முனை இதில் இராது. கண் உறுத்தலும் சேர்ந்து வரலாம்.

இது தெரியாமல் பலர் ஸ்டீராய்டு களிம்பைத் தாமாக வாங்கிப் பூசுகின்றனர். முதலில் தணியும். நிறுத்தியதும் முன்னிலும் மோசமாகத் திரும்பும். மறுபடி பூசுவார்கள், நாளடைவில் தோலும் மெலிந்துவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் சிறு துண்டுத் தோலை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நாளங்கள் விரிந்திருக்கும். அவற்றையும் மயிர்க்கால்களையும் சுற்றி வெள்ளணுக்கள் குவிந்திருக்கும். மயிர்க்காலுக்குள் டெமோடெக்ஸ் எனும் நுண்ணிய உண்ணியும் அதிகமாகக் காணப்படலாம். நலமான முகத்திலும் அது வாழ்வதுதான். அசுத்தத்தின் அடையாளம் அன்று.

சிலருக்குப் பருக்கள் சிறு கட்டிகளாக இறுகி நிற்கும். அவற்றில் அணுக்கள் திரண்டு கிரானுலோமா எனும் முடிச்சுகளாகத் தெரியும். காசநோயிலும் இத்தகைய முடிச்சுகள் உண்டு. அதனால்தான் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று தனியாகச் சாயமிட்டுப் பார்க்கிறார்கள். அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டதுமே காசநோய் என்று வீடே கலங்க வேண்டியதில்லை. நுண்ணோக்கி தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. முகத்தை நேரில் பார்த்த மருத்துவரின் கணிப்பும் அதனோடு சேர வேண்டும்.

இன்னொன்று. சில ஆண்களுக்கு இந்நோயால் மூக்கு தடித்துப் பருத்துவிடும். உடனே குடிகாரர் என்று பேச்சு கிளம்பும். குடித்தே அறியாதவருக்கும் இது வரும்.

மெட்ரோனிடசோல் அல்லது ஐவர்மெக்டின் களிம்பு, தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் மாத்திரை என்று மருத்துவர் முடிவு செய்வார். கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரை ஆகாது. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குணம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். வெயில் தடுப்புக் களிம்பு மட்டும், முகம் தெளிந்த பிறகும் தினமும் வேண்டும்.